கடல் பார்த்த மனை

சென்னை ஃபிளாட்டை விற்றுவிட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கடலோர ஊர் ஒன்றில் போய்க் குடியேறிவிட வேண்டும் என்ற ஆசை நடுத்தர வீடுகளில் இப்போது ஒரு கொள்கையாகவே முற்றிவிட்டது. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபோது அது வேர்விட்டது. மாமல்லபுரம், புதுச்சேரியை ஒட்டிய ஊர்கள், தரங்கம்பாடி, ராமேசுவரம் என்று ஊர்ப்பெயர் மாறுமே தவிர, சொல்லும் காரணம் மாறுவதில்லை: நல்ல காற்று, குறைந்த செலவு, மண்ணில் விளையாடி வளரும் பிள்ளைகள், மனசுக்கு நிம்மதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் மனை விளம்பரப் பலகைகளும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொல்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வாக்கியத்தைப் பேசினால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. நகரம் பிழிந்தெடுக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து தப்பிக்க நினைப்பதும் நியாயம்தான். தப்பிக்கும் திசை கிழக்கு என்று முடிவு கட்டியதில்தான் கோளாறு இருக்கிறது.

இரண்டு நாள் விடுமுறைக்குப் போகிறவர் கடலோர ஊரில் பார்ப்பது வேறு, அங்கே குடும்பம் நடத்துகிறவர் பார்ப்பது வேறு. விருந்தாளிக்கு ஓட்டல்காரர் தண்ணீர் ஏற்பாடு செய்துவிடுகிறார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. காய்ச்சல் வந்தால் காரை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். குடும்பத்துக்கோ குடிக்கிற தண்ணீர், நடு ராத்திரியில் சேர்க்கும் ஆஸ்பத்திரி, பன்னிரண்டாம் வகுப்பு வரை கைவிடாத பள்ளிக்கூடம், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, புயலடித்தால் வந்து நிற்கும் நாலு பேர் என்று தினசரி தேவைகள். இவை எதையும் கடல் தருவதில்லை. அதோடு விட்டால் பரவாயில்லை. இவை ஒவ்வொன்றையும் எட்டாத் தூரத்துக்குத் தள்ளுவதும், கிடைப்பதைக் கெடுப்பதும் கடல்தான். அலையோசை கேட்கும் தூரத்தில் மனை வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குவது இந்தப் பற்றாக்குறையையும் சேர்த்துத்தான்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் ஏமாற்றமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடலோர மணலில் பத்துப் பதினைந்து அடி தோண்டினாலே இனிப்பான நீர் வரும். மனை காட்டுகிறவர் அதைக் கையில் அள்ளிக் குடித்தே காட்டுவார். அதில் பொய் ஏதுமில்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று நிலத்தடி நீரியலில் நூறாண்டுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க ஆறுதலான கணக்குதான். ஆனால் இதையே திருப்பிப் படிக்க வேண்டும். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருக்கும் உப்புநீர் நாற்பது மீட்டர் மேலேறி வரும். ஒரு குப்பம் வாளியால் இறைத்துக் குடித்த காலத்தில் இந்தச் சமநிலை கெடவில்லை. அதே மணலில் ஐம்பது வில்லாக்கள் தலைக்கு ஒரு போர் போட்டுத் தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் இறைக்கத் தொடங்கினால், சில கோடைகளிலேயே குழாயில் வருவது சோப்பு நுரைக்காத நீர். நன்னீர் ஒருமுறை உப்பாகிவிட்டால் அடுத்த மழைக்குச் சரியாகிவிடாது. வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பகுதியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிய கடல்நீர் பல பத்தாண்டுகளாகியும் இறங்கவில்லை. பிறகு லாரித் தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரம், கேன். சென்னையில் எதற்காக வெறுத்துப்போனாரோ அதே லாரிக்கு இங்கேயும் காத்திருக்க வேண்டியதுதான். சென்னையிலாவது மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உண்டு. மூன்று பக்கம் போதாதென்று நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ராமேசுவரத்துக்குத் திருச்சிப் பக்கமிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் காவிரி நீரைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வேதாரண்யம் குடிப்பது கொள்ளிடத்து நீரை.

அடுத்தது நிலம். மனை என்றால் நாலு எல்லைக்கல்லுக்குள் அசையாமல் கிடப்பது என்ற நம்பிக்கையில்தான் பத்திரம் பதிகிறோம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை; வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகவும், வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நிகரக் கணக்கில் வடக்கு நோக்கி. குறுக்கே யாராவது கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். மெரினா அகலமானது சென்னைத் துறைமுகச் சுவர் மணலை மறித்ததால். அதற்கு வட்டி கட்டியவை ராயபுரமும் திருவொற்றியூரும். புதுச்சேரியில் இதே கதை இன்னும் துலக்கமாக நடந்தது. அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி 1989 வாக்கில் அலைத்தடுப்புச் சுவர்கள் முடிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்கடற்கரை காணாமல் போனது. அங்கே கருங்கல்லைக் கொட்டி நகரத்தைக் காப்பாற்றினார்கள். அரிப்பு ஓய்ந்ததா என்றால், வடக்கே குருசுக்குப்பத்துக்கும் சோலை நகருக்கும் போனது, அங்கேயும் கல். பிறகு மாநில எல்லையைத் தாண்டித் தமிழகத்துக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது அரசாங்கக் கட்டடத்துக்கு முன்னால் திரும்பிய மணல். கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போடச் சொல்லிக் குப்பங்கள் மனு கொடுப்பதும், ஒரு குப்பத்துக்குப் போட்ட தூண்டில் வளைவு அடுத்த குப்பத்தைக் கரைப்பதும் இக்கரையின் நிரந்தர வழக்கு. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்ததில், தமிழகக் கரையில் 42.7 விழுக்காடும் புதுச்சேரிக் கரையில் 56.2 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளாகியிருந்தன. ஐம்பது ஆண்டுக்காலச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க நினைக்கிறவர், தரங்கம்பாடியில் 1306ஆம் ஆண்டுப் பாண்டியர் கோயிலான மாசிலாமணிநாதர் கோயிலில் கடல் எவ்வளவு கொண்டுபோயிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

புயலைப் பற்றிச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பார்கள். ஆண்டுகளை மட்டும் அடுக்கிப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே. 2018 நவம்பர் 16 வேதாரண்யம் பக்கம் கஜா. 2020 நவம்பரில் புதுச்சேரிக்கு வடக்கே நிவர். 2024 நவம்பர் 30 புதுச்சேரி அருகே ஃபெஞ்சல். ஃபெஞ்சல் ஒரே நாளில் புதுச்சேரியில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இரண்டு நாளில் கடலூருக்குள் புகுந்தது. வானத்து நீர் மேலிருந்தும் ஆற்று நீர் பின்னாலிருந்தும் வர, முன்னால் கடல் பொங்கி வாங்க மறுக்கும். கடைமடை ஊரின் விதி இது. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் அந்த வாரங்களில் என்ன வேலை பார்ப்பார்? இதைவிட உறுத்துவது வேறொன்று. சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட அரசாணை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் அரசு கட்டித்தரும் வீடு வேண்டுமானால் அதற்கு அப்பால்தான் போக வேண்டும் என்றது. அங்கேயே இருப்பேன் என்றால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கடலைப் படித்தவர்களை ஆபத்து என்று சொல்லி உள்ளே அனுப்பிய அதே கரையில், கடலையே பார்த்திராதவர்களுக்குக் கடல் பார்த்த மனை என்று கூவி விற்கிறோம். 2019இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊரகப் பகுதிகளில் கட்டடம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அந்தக் கோட்டை நகர்த்தச் சொல்லிக் கடல் எதுவும் கேட்கவில்லை.

செலவு குறைவு என்பார்கள். வாடகையும் காய்கறியும் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, கடற்காற்று படும் கட்டடத்தைக் 'கடுமையான' சூழலில் வைக்கிறது. குறைந்தது எம்30 கலவை, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும் என்கிறது. கடலிலிருந்து தள்ளியுள்ள ஊரில் சாதாரண வீட்டுக்கு எம்20 கலவையும் 20 மில்லிமீட்டரும் போதும். கடலோரத்தில் கட்டி விற்கப்படும் வீடுகளில் எத்தனையில் இந்தக் கூடுதல் 25 மில்லிமீட்டர் இருக்கிறது என்பதை வாங்குகிறவர் பார்க்க வழியில்லை. பூசி மெழுகிய சுவர் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காற்றோடு வரும் உப்பு காரைக்குள் ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு, இரும்பைப் போலப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே காரையைப் பிளக்கிறது. முதலில் சன்னல் சிலாபின் அடியில் மயிரிழை விரிசல், அதன் வழியே பழுப்பு நிறக் கசிவு, பிறகு ஒருநாள் காரைத் துண்டு பெயர்ந்து விழும். அதற்கு வெகுகாலம் முன்பே கேட்டின் கீலும் சன்னல் தாழ்ப்பாளும் இறுகியிருக்கும், ஏ.சி.யின் வெளிப்புறப் பெட்டி அரித்துக் கேஸ் கசிந்திருக்கும். ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை வரும் இந்தச் செலவு மாதக் கணக்கில் ஏறாது. அதனால்தான் கடலோர வாழ்க்கை மலிவானது என்ற பேச்சு நிலைத்திருக்கிறது.

இனி வருவதுதான் இந்த வாதத்தின் மையம். இதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு நாலு திசையிலும் கிராமங்கள் உண்டு. கும்பகோணத்துச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வட்டத்தின் எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வருகிறது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் சிறப்பு மருத்துவர் கிளினிக் திறக்கிறார், நல்ல பள்ளி நிலைக்கிறது, பத்து நிமிடத்துக்கொரு பேருந்து ஓடுகிறது. கடலோர ஊருக்குப் பாதி வட்டம்தான். மீதிப் பாதியில் மீன் இருக்கிறது, நோயாளியும் மாணவரும் இல்லை. எனவே பெரிய துறைமுகமோ தலைநகர அந்தஸ்தோ இல்லாத கடலோர ஊரில் பெரிய நிறுவனங்கள் தாமாக வந்து அமர்வதில்லை. உள்ளே தள்ளித்தான் அமர்கின்றன. தஞ்சாவூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்து அறுபது ஆண்டுக்கு மேலான பிறகுதான், 2022இல், நாகப்பட்டினத்துக்கு வந்தது. அதுவும் கரையில் இல்லாமல் ஊருக்கு வெளியே ஒரத்தூரில். மாரடைப்பில் அடைத்த குழாயைத் திறக்க மருத்துவர்கள் கேட்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். ராமேசுவரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். அறுபதைத் தாண்டிய அப்பாவையும் மாமியாரையும் நல்ல காற்றுக்காகக் கூட்டிப்போகிறவர் இந்தத் தூரத்தை மணிக்கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டாமா? பள்ளிக்கும் இதுவே கதி. தொடக்கப்பள்ளி எங்கும் கிடைக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு வேண்டிய பாடப்பிரிவும் அதற்கு ஆசிரியரும் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம். அப்போது பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகும், குடும்பம் ஒன்றாக இருக்கத்தானே வந்தோம் என்ற நியாயம் அன்றோடு தீர்ந்துபோகும்.

வேலையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒருவருடைய வேலையை மட்டும் பேசுகிறார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தும் வேலை பார்க்க முடிந்தவர் பெரும்பாலும் கணவர். மனைவி ஆசிரியையாகவோ ஆய்வகத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவராக இருந்தால், ஊர் மாறும்போது அந்த வேலை போகிறது; பாதி வட்டத்து ஊரில் அதற்கு ஈடான இன்னொரு வேலை இருப்பதில்லை. அதோடு தண்ணீர் லாரிக்குச் சொல்வது, ஸ்விகி வராத ஊரில் மூன்று வேளையும் சமைப்பது, வாரக்கடைசிக்குக் கடல் பார்க்க வந்திறங்கும் உறவுக்கூட்டத்துக்குப் படுக்கை விரிப்பது எல்லாம் யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தின் நிம்மதி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு ஒருவருடைய நிம்மதி, கூலி இன்னொருவருடையது. 2022க்குப் பின் பல நிறுவனங்கள் வாரத்துக்கு இத்தனை நாள் அலுவலகம் வந்தாக வேண்டும் என்று கூப்பிட்டபோது முதல் வேலையும் ஆட்டம் கண்டது. மாமல்லபுரத்திலிருந்து தினமும் சிறுசேரிக்குப் போய்வரலாம், தரங்கம்பாடியிலிருந்து முடியாது.

அப்படியென்றால் அங்கே லட்சக்கணக்கானவர்கள் வாழவில்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி, இதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் எதை வைத்து வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கடல் அவர்களுக்குத் தொழிற்களம். காற்று கச்சானா வாடையா என்பது அவர்களுக்கு அன்றைய வருமானம். ஊர்ப் பஞ்சாயத்து, கோயில், மாதா திருவிழா, பங்காளிகள், ஏலக்காரர் என்று ஒரு வலை அவர்களைத் தாங்குகிறது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் 61 நாளையும், புயல் வந்த வாரத்தையும் அந்த வலையில்தான் கடக்கிறார்கள். மனை வாங்குவதால் அதில் பங்கு கிடைத்துவிடாது. சொல்லப்போனால் பல இடங்களில் அதை அறுப்பதே புதிதாக வந்த வேலிதான். கருவாடு காயப்போட்ட மணல் யாருடைய பெயரிலும் இல்லாத பொதுவிடம். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் அது வேண்டும். அதை ஒட்டிச் சுற்றுச்சுவர் எழுந்ததும் கடலுக்குப் போகும் பாதை சுருங்குகிறது, அப்புறம் நாற்றம் என்று புகார் எழுகிறது. மணலில் விளையாடலாம் என்று கனவு கண்ட பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் கால் நனைக்கக்கூடக் காவல் வேண்டும்; நம் கரையில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் எங்கே இருக்கிறதென்று குப்பத்துப் பையனுக்குத் தெரியும், வில்லாவில் வளரும் பிள்ளைக்குத் தெரியாது. மீன் விஷயமும் அப்படித்தான்: நல்ல வஞ்சிரமும் இறாலும் ஏலம் முடிந்த கையோடு ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்கும் கேரளத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகின்றன. பல நாள் உள்ளூரில் மிஞ்சுவது சில்லறை மீன்.

சென்னையே கடலோர ஊர்தானே, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அது மூழ்கவில்லையா என்பது அடுத்த மறுப்பு. மூழ்கியது, அதைவிட மோசமாகவும் மூழ்கும். வேறுபாடு மூழ்குவதில் இல்லை, மாற்று வழி இருப்பதில் இருக்கிறது. பெருநகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வழியடைத்தால் இன்னொன்று உண்டு. வேளச்சேரியில் நீர் நின்றால் அண்ணா நகரில் உறவினர் வீடு உண்டு. தலைநகரம் என்பதால் மின்வாரியம் முதல் தொலைக்காட்சி வரை எல்லோருடைய கண்ணும் அங்கேதான். இது அநியாயம் என்று நானும் சொல்வேன். ஆனால் வீடு மாற்றுகிறவர் நியாயத்தை நம்பி வீடு மாற்ற முடியாது, நடைமுறையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

புதுச்சேரியைக் காட்டுவார்கள், ஆரோவில்லைக் காட்டுவார்கள். ஆரோவில் 1968இல் தொடங்கி, பின்னர் வந்த ஒரு தனிச் சட்டமும் உலகத்து நன்கொடையும் தாங்கும் பரிசோதனை. அதுவும் கரையிலிருந்து தள்ளி, மேட்டுச் செம்மண்ணில் அமைந்தது. புதுச்சேரியோ சட்டமன்றமும் தனி நிர்வாகமும் உள்ள ஒரு தலைநகரம். அங்கே குடும்பங்கள் நன்றாக வாழ முடிகிறதென்றால் அதற்குக் காரணம் கடலைவிட ஜிப்மர் மருத்துவமனைதான். அந்த ஜிப்மர் இருப்பதும் கடற்கரைச் சாலையில் அல்ல, கோரிமேட்டில். புதுச்சேரி எனக்கு எதிரான சாட்சி என்று நினைப்பவர்கள், அதே கரையில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு ஊரில் இதே வாழ்க்கை கிடைக்குமா என்று பார்க்கட்டும்.

மிஞ்சுவது நல்ல காற்று. கடற்காற்று மருந்து என்ற எண்ணம் நம் வைத்தியத்தில் முளைத்தது என்பதைவிட, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முளைத்தது என்பதே பொருத்தம். ரிச்சர்ட் ரஸல் என்ற மருத்துவர் 1750களில் சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் சொல்லி எழுதினார். பிரைட்டனில் வீடு கட்டி நோயாளிகளை வரவழைத்தார். மீன்பிடி ஊர் உல்லாச ஊரானது அப்படித்தான். அதே இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் வெளியிட்ட ஆண்டறிக்கை முழுக்கக் கடலோர ஊர்களின் உடல்நலத்தைப் பற்றியது. நாட்டிலேயே நலம் குன்றிய மக்கள் பலர் இந்த அழகான ஊர்களில்தான் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற முதியவர்கள் வந்து குவிகிறார்கள், மருத்துவரும் செவிலியரும் வர மறுக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். காற்று மருந்தாக இருந்தும் மருத்துவர் இல்லாத குறை தீரவில்லை. நம் கரையிலோ காற்றே எல்லா இடத்திலும் தூய்மை என்று சொல்ல முடியாது. நீராவியைக் குளிர்விக்க நீர் வேண்டும், கழிவை விடத் திறந்த வெளி வேண்டும் என்பதால், மாநிலத்தின் இரண்டு அணுமின் நிலையங்களையும் அனல்மின் நிலையங்களில் பலவற்றையும் கடலூர் சிப்காட் இரசாயன ஆலைகளையும் கரையில்தான் நட்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அவர்களும் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். கடலைப் பார்த்தால் மனம் அடங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு வாரம் ஒருமுறை பேருந்து டிக்கெட் போதும், கிரயப் பத்திரம் வேண்டியதில்லை.

பழைய ஊர்களை அமைத்தவர்கள் இதையெல்லாம் தெரியாமல் செய்யவில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம்: பண்டகசாலைகள், யவனர் குடியிருப்பு, பரதவர், கைவினைஞர். அரசனும் பெருவணிகரும் வைத்தியரும் கணியரும் இருந்தது உள்ளே தள்ளியிருந்த பட்டினப்பாக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் மரச்சோலையும் நாளங்காடியும். வசதியுள்ளவர்கள் கடலுக்கு எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. கடலில் தொழில் உள்ளவர்கள் கரையில் இருந்தார்கள், மற்றவர்கள் நடந்துபோய்ப் பார்த்து வந்தார்கள். சாதி மேட்டிமையும் இதில் கலந்திருக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் மணலையும் நீரையும் பற்றிய அறிவும் அதில் இருந்தது. நகரத்தை விட்டுப் போக உண்மையிலேயே துணிந்த குடும்பம் முழு வட்டமுள்ள ஊரைத் தேடட்டும்: கும்பகோணம், தஞ்சாவூர், நாகர்கோவில், திருநெல்வேலி. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி இருபது கிலோமீட்டர். சாயங்காலம் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இவையும் சொர்க்கமில்லை, போக்குவரத்தும் குப்பையும் அங்கேயும் உண்டு. ஆனால் அவை பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். இத்தனைக்குப் பிறகும் கரைதான் வேண்டும் என்பவர் ஃபிளாட்டை விற்காமல், வாடகைக்குப் போய் ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய இருந்து பார்க்கலாம். மே மாதத்தில் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். மனையின் புல எண் கடலோர ஒழுங்குமுறை வரைபடத்தில் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல், அந்த ஊர்க் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் விசாரிக்கலாம். வீட்டின் காரைக்குள் கம்பி எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கும் பொறியாளர்களும் கிடைக்கிறார்கள். மனைவியின் வேலைக்கு அந்த ஊரில் என்ன வழி என்பதை முதலில் விசாரித்துவிட்டு மனை பார்க்கப் போவது இன்னும் உத்தமம்.